மூடைக்குள் எவ்வளவு? பொதியிடும் தராசு வாங்குவோர் அறியவேண்டியவை

லாச்சப்பல் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கி, போபூர் சென் தெனி வீதிவழியே காலைவேளையில் நடந்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. பாரவூர்தியின் பின்கதவு திறந்திருக்கும். அரிசியும் பருப்பும் மல்லியும் செத்தல் மிளகாயும் மூடை மூடையாகத் தோளிலேறிக் கடைகளின் பின்புறத்துக்கும் நிலவறைக்கும் போய்க்கொண்டிருக்கும். அடுத்த நாள் அதே சரக்கு ஒரு கிலோ, அரைக் கிலோ, இருநூறு கிராம் என்று சிறு பொதிகளாகி அடுக்குகளில் அமர்ந்திருக்கும். இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில், வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடைபெறும் நிறுத்தலும் நிரப்பலுமே இக்கட்டுரையின் பொருள்.

எண்பதுகளில் எம்மவர்கள் இப்பகுதியில் கடை வைக்கத் தொடங்கியபோது, பொதியிடுவதற்கு ஒரு கரண்டியும் ஒரு மேசைத் தராசும் வாயை ஒட்டும் சிறு கருவியும் போதுமானவையாக இருந்தன. இன்று நிலைமை அவ்வாறில்லை. பாரிசின் புறநகர்களில் களஞ்சியம் எடுத்து, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பொதிகளைக் கட்டி, ஏனைய ஐரோப்பிய நாடுகளிலுள்ள கடைகளுக்கும் அனுப்புவோர் இருக்கின்றனர். இங்கு உழைத்த பணத்தைக் கொண்டு வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ அரிசி ஆலையும் மிளகாய்த்தூள் ஆலையும் நிறுவிப் பார்க்க விரும்புவோரும் இருக்கின்றனர். இவர்கள் எல்லோர் முன்னும் ஒரு கட்டத்தில் அதே கேள்வி வந்து நிற்கிறது: எந்தத் தராசை வாங்குவது?

பெரும்பாலானோர் விலையை முதலில் கேட்கின்றனர். இயந்திரம் விற்பவருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடையாது. விலைக்கு முன் கேட்கவேண்டியவை வேறு. நிரப்பப்போகும் சரக்கு எப்படிப்பட்டது, பொதியின் நிறை என்ன, மணிக்கு எத்தனை பொதிகள் வேண்டும், அந்தப் பொதி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால், சந்தையிலுள்ள இயந்திரங்களில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

கொத்தும் கிலோவும்

ஊரில் நெல்லும் அரிசியும் அளந்த காலத்தை எமது முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். கொத்து, புசல் என்பவை கன அளவைகள். இறாத்தலும் அந்தரும் நிறை அளவைகள். 112 இறாத்தல் கொண்ட அந்தர் ஏறக்குறைய 50.8 கிலோ ஆகும். கொத்தால் அளக்கும்போது தலைவழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பதில் எத்தனை சச்சரவுகள் எழுந்தன! கொடுக்கும்போது வழித்தும், வாங்கும்போது குவித்தும் அளந்தவர்களைப் பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு.

இந்தச் சச்சரவு எமக்கு மட்டும் உரியதன்று. நாம் தஞ்சம் புகுந்துள்ள இந்நாட்டிலும் 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்னர் தானியம் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர், பிரபுவுக்குப் பிரபு வேறுபட்டது. குடியானவன் இறுக்கும் தானியத்தைக் குவித்து அளந்து வாங்கினார்கள் என்பது அவ்வாண்டு மக்கள் மன்னருக்கு எழுதிய முறைப்பாட்டு ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் குறையாகும். நாடு முழுவதற்கும் ஒரே நிறை, ஒரே அளவு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1795 ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் மீற்றரையும் கிராமையும் பிரான்சுக்குத் தந்தது. 1889இல் சர்வதேச முன்மாதிரியாக ஏற்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் கிலோக்கட்டி பாரிசையடுத்த செவ்ர் நகரிலேயே பாதுகாக்கப்பட்டு வந்தது. 2018 நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய மாநாட்டின் தீர்மானப்படி, 2019 மே 20 முதல் அந்தக் கட்டி தன் பதவியை இழந்தது. இப்போது கிலோவின் வரையறை பிளாங் மாறிலி எனும் இயற்கை மாறிலியிலிருந்து பெறப்படுகிறது. வணிகத் தராசுகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் சட்டமுறை அளவையியல் அமைப்பு 1955இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் ஒன்பதாம் வட்டாரத்தின் துர்கோ வீதியில், லாச்சப்பலிலிருந்து காலாற நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் அதன் உறுப்பு நாடுகள்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொத்துக்கும் தராசுக்கும் இடையிலான அதே வேறுபாடுதான் இன்றைய பொதியிடும் இயந்திரங்களையும் இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. அதனைப் பின்னர் பார்ப்போம். முதலில் சட்டம்.

பச்சை ஒட்டியும் சிறிய ‘e’ எழுத்தும்

வாடிக்கையாளரின் கண்முன்னே கத்தரிக்காயை நிறுத்துக் கொடுப்பது ஒன்று. அவர் இல்லாத நேரத்தில் பருப்பை ஒரு கிலோப் பொதியாகக் கட்டி வைப்பது மற்றொன்று. முதலாவதில் தராசு சட்டப்படி இருந்தால் போதும். இரண்டாவதில், தராசு மட்டுமன்றிப் பொதிக்குள் இருக்கும் அளவுக்கும் பொதியிட்டவரே பொறுப்பாளி.

வியாபாரத்தில் பயன்படும் எந்தத் தராசிலும் ‘எம்’ என்ற எழுத்து முத்திரை இருக்கவேண்டும். முன்னைய காலத் தராசுகளில் அது பச்சைச் சதுரத்தில் கறுப்பு எழுத்தாக இருக்கும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகளுக்குப் பின்னர், ‘சிஇ’ அடையாளத்தை அடுத்து அவ்வெழுத்தும் ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களும் ஒரு கட்டத்துக்குள் இடம்பெறுகின்றன. இணையத்தில் இருபது யூரோவுக்கு வாங்கும் தராசில் இந்த முத்திரை இராது. அது சமையலறைக்கு உகந்தது, கடைக்கு ஆகாது.

இதற்கு மேல், பிரான்சில் காலமுறைச் சோதனை கட்டாயம். பொதுமக்களுக்கு நேரடியாக விற்கப் பயன்படும் 30 கிலோவுக்கு மேற்படாத தராசுகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், ஏனையவற்றுக்கு ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் சோதனை செய்யவேண்டும். தேறினால் பச்சை ஒட்டி, தவறினால் சிவப்பு ஒட்டி. ஒவ்வொரு தராசுக்கும் ‘கார்னே மெத்ரொலொஜிக்’ எனப்படும் குறிப்பேடு ஒன்று உண்டு. பழுதுபார்த்ததும் சோதித்ததும் அதில் பதியப்படும். இப்பகுதியில் பாவித்த தராசுகள் கைமாறுவது வழக்கம். அவ்வாறு வாங்குவோர் இரும்பைப் பார்ப்பதற்கு முன் இந்தக் குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கவேண்டும். குறிப்பேடு தொலைந்துவிட்டது என்றால் விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்கலாம், அல்லது திரும்பி நடந்துவிடலாம். நானென்றால் இரண்டாவதையே செய்வேன்.

முன்கூட்டிப் பொதியிடுவோருக்கு 1976ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரையும், அதனைத் தழுவிய 1978ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையும் வழிகாட்டுகின்றன. பொதிகளில் நிறைக்கு அருகே காணப்படும் சிறிய ‘e’ எழுத்து இந்த விதியின் அடையாளம். குறைந்தது 3 மில்லிமீற்றர் உயரமாக அது இருக்கவேண்டும். பொதியிட்டவர் ஐரோப்பிய விதிமுறைக்கு உடன்பட்டு அளவைக் கண்காணிக்கிறார் என்பது அதன் பொருள். அழகுக்காக அச்சிடும் எழுத்தன்று அது. கண்காணிப்புப் பதிவேடு இல்லாமல் அதனை அச்சிடுவது வீண் வம்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

விதி சொல்வது என்ன? ஒரு தொகுதிப் பொதிகளின் சராசரி நிறை, பொதியில் எழுதியுள்ள நிறையைவிடக் குறையக்கூடாது. தனிப் பொதி சற்றுக் குறையலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 200 முதல் 300 கிராம் வரையான பொதிக்கு 9 கிராம், 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை 15 கிராம், ஒரு கிலோவுக்கு மேல் பத்துக் கிலோ வரை நூற்றுக்கு ஒன்றரை வீதம். இந்த எல்லையையும் தாண்டிக் குறைந்த பொதிகள், மாதிரிப் பரிசோதனையில் தேறுமளவுக்கு மிகச் சிலவாகவே இருக்கலாம். எல்லையின் இரு மடங்குக்கு மேல் குறைந்த பொதியில் ‘e’ அடையாளமே இருக்கக்கூடாது. பொதியின் உறை, ஒட்டி, கட்டும் நூல் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. உள்ளே இருக்கும் சரக்கு மட்டுமே கணக்கு.

இங்கேதான் தராசின் தரம் பணமாக மாறுகிறது. ஒரு கிலோப் பருப்புப் பொதியை எடுத்துக்கொள்வோம். எல்லை 985 கிராம். நல்ல இயந்திரம் ஒன்று குறித்த அளவைச் சுற்றி நாலு கிராம் திட்ட விலகலுடன் நிரப்புகிறது என்றால், அதனை 1001 அல்லது 1002 கிராமுக்கு அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விலகல் 12 கிராமாக உள்ள இயந்திரத்தைச் சரியாக 1000 கிராமுக்கு அமைத்தால் நூறு பொதிகளில் பத்துப் பொதிகள் 985க்குக் கீழே போய்விடும். அதனை இரண்டு மூன்றாகக் குறைக்க 1008 அல்லது 1009 கிராமுக்கு உயர்த்தவேண்டும். அதாவது ஒவ்வொரு பொதியிலும் ஏழு கிராம் கூடுதலாகக் கொடுக்கிறோம். நாளுக்கு 500 பொதிகள், ஆண்டுக்கு 300 நாட்கள் என்று கொண்டால் இது ஒரு தொன்னுக்கு மேலான பருப்பு. மலிவாக வாங்கிய தராசின் உண்மையான விலை இதுவே. இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தக் கூடுதலைத் தவிர்ப்பதற்காக அமைப்பைக் கீழே இறக்கினால், அதே ஒரு தொன் வாடிக்கையாளரின் பையிலிருந்து போகிறது. அந்த வாடிக்கையாளர் யார்? மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும், விசாவுக்காகக் காத்திருக்கும் எம்மவரே.

பெரிய தராசில் சிறிய பொதி

கடைகளில் அடிக்கடி நேரும் தவறு ஒன்றைக் குறிப்பிடவேண்டும். “முப்பது கிலோ வரை நிறுக்கும், எல்லாவற்றுக்கும் இதுவே போதும்” என்று ஒரே தராசை வாங்குகிறார்கள். வணிகத் தராசுகள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் முகப்பில் ‘e’ என்று இன்னொரு குறி இருக்கும். இது பொதியிலுள்ள ‘e’ அன்று. தராசின் மிகச்சிறிய படியைக் குறிப்பது. முப்பது கிலோத் தராசில் அது வழக்கமாக 10 கிராம். மூன்றாம் வகுப்பில் இந்தப் படியின் இருபது மடங்குக்குக் கீழே நிறுப்பது முறையன்று. ஆகவே அந்தத் தராசில் 200 கிராமுக்குக் குறைந்த எதனையும் நிறுக்கக்கூடாது. ஐம்பது கிராம் வெந்தயப் பொதியை அதில் கட்டினால் எண்ணொன்று காட்டத்தான் செய்யும். அந்த எண்ணை நம்புவதற்கில்லை. 15 கிலோ, 5 கிராம் தராசுக்கு இந்தக் கீழெல்லை 100 கிராம். 6 கிலோ, 2 கிராம் தராசுக்கு 40 கிராம். ஏலக்காய்க்கும் அரிசிக்கும் ஒரே தராசு போதாது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

கையால் நிரப்பி மேசைத் தராசில் நிறுப்பதை இழிவாக எண்ணவேண்டியதில்லை. நாளுக்கு நூறு இருநூறு பொதிகள் என்றால் அதுவே உத்தமம். பழகிய கை ஒன்று, ஒழுங்கான தராசொன்று, தட்டில் காற்று வீசாத மூலையொன்று இருந்தால் போதும். இலத்திரனியல் தராசுக்கு அதிர்வும் காற்றும் எதிரிகள். லாச்சப்பலில் மெட்ரோ தூண்கள்மேல் ஓடுகிறது, பக்கத்தில் வடக்கு நிலையத்துத் தண்டவாளங்கள். மரப்பலகைத் தளத்தில் தராசை வைத்துவிட்டு எண் நிலைகொள்ளவில்லை என்று நொந்துகொள்வதிற் பயனில்லை. கனமான, அசையாத மேசையைக் கீழ்த்தளச் சீமெந்துத் தரையில் வைப்பதே வழி.

பொதிகள் ஆயிரத்தை நெருங்கும்போதுதான் இயந்திரத்தைப் பற்றிச் சிந்திக்கவேண்டும்.

சரக்கே இயந்திரத்தைத் தெரிவு செய்கிறது

அரிசி, பருப்பு, கடலை, உழுந்து ஆகியவை தாமாக வழிந்தோடும் சரக்குகள். மேலே தொட்டி, கீழே அதிர்வுத் தட்டு அல்லது சிறு பட்டி, அதன் முடிவில் நிறுக்கும் வாளி. இதுவே இவற்றுக்கான எளிய அமைப்பு. தட்டு முதலில் வேகமாக அதிர்ந்து சரக்கைக் கொட்டும். குறித்த நிறைக்குச் சற்று முன்னே வேகம் தணிந்து துளித்துளியாகச் சொரியும். இறுதியில் நின்றுவிடும். நின்ற பின்னும் தட்டுக்கும் வாளிக்கும் இடையே காற்றில் இருக்கும் சரக்கு விழத்தான் செய்யும். நல்ல கட்டுப்பாட்டுக் கருவி, முன்னைய பொதிகளில் இவ்வாறு எவ்வளவு விழுந்தது என்று பார்த்து, அதற்கேற்ப நிறுத்தும் புள்ளியைத் தானே திருத்திக்கொள்ளும். இந்த வசதி உண்டா என்று விற்பவரிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.

மிளகாய்த்தூள், கறித்தூள், அரிசிமா ஆகியவற்றின் குணம் வேறு. அவை தொட்டிக்குள் பாலம்போல ஒட்டி நிற்கும், பின்னர் ஒரேயடியாக இடிந்து விழும். இவற்றுக்குத் திருகுத்தண்டு பொருத்திய இயந்திரமே உகந்தது. புனலுக்குள் இருக்கும் திருகு இத்தனை சுற்றுச் சுற்றினால் இத்தனை தூள் வெளிவரும் என்பது அதன் தத்துவம். கவனியுங்கள்: இது நிறுக்கவில்லை, அளக்கிறது. எமது பழைய கொத்தேதான், மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவே. வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் வறுக்காத தூளும் ஒரே கன அளவில் ஒரே நிறை இரா. நேற்று அரைத்ததும் இன்று அரைத்ததும்கூடச் சற்று வேறுபடும். ஈரமான நாளில் இன்னும் வேறுபடும். ஆகையால் திருகு இயந்திரம் வாங்குவோர் அதனடியில் தராசு பொருத்தி, அந்தத் தராசின் எண்ணைப் பார்த்துத் திருகு நிற்கும் வகையையே கேட்கவேண்டும். வெறும் சுற்றுக்கணக்கில் ஓடும் இயந்திரம் மலிவு. அதனை வாங்கினால், அரைமணிக்கொரு தடவை பொதிகளை எடுத்து நிறுத்துப் பார்க்க ஓர் ஆளை நிறுத்தவேண்டும்.

முழுச் செத்தல் மிளகாய், கறுவாப்பட்டை, கருவாடு போன்ற ஒழுங்கற்ற உருவமுடையவை இவ்விரண்டு வகையிலும் அடங்கா. ஒரு மிளகாய் கூடினாலும் குறைந்தாலும் நிறை தாவும். இந்தச் சிக்கலுக்கு விடை கண்டது ஜப்பானின் இஷிடா நிறுவனம். 1972இல் அது உருவாக்கிய பலதலைத் தராசு முதலில் நிறுத்ததே பச்சைக் குடைமிளகாயைத்தான். வட்டமாக அமைந்த பல சிறு வாளிகளில் சரக்கு சிறிது சிறிதாக விழும். ஒவ்வொரு வாளியும் தனித்தனியே நிறுக்கப்படும். எந்த எந்த வாளிகளைச் சேர்த்துக் கொட்டினால் வேண்டிய நிறைக்கு மிக அண்மையில் வரும் என்று கணினி கணித்து அவற்றை மட்டும் திறக்கும். பத்து வாளிகளில் 1,023 சேர்க்கைகள் உண்டு, ஆதலால் ஏதாவதொன்று பொருந்தியே தீரும். வியக்கத்தக்க யோசனை. எனினும் அதன் விலையும் உயரமும் லாச்சப்பல் நிலவறைகளுக்குப் பொருந்துவன அல்ல. எமது வியாபாரிகளுள் மிகப் பெரியவர்கள் சிலருக்கே அது கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு மிளகாயைப் பொறுத்தவரை இன்னும் கைதான்.

பத்து, இருபத்தைந்து, ஐம்பது கிலோ மூடை நிரப்புவோர் முடிவு செய்யவேண்டியது இன்னொன்று. வாளியில் முதலில் நிறுத்துப் பின் மூடையில் கொட்டுவதா, மூடையையே தராசில் தொங்கவிட்டு நிரப்புவதா? முதல் முறையில், ஒரு மூடையை மாற்றும் நேரத்திலேயே அடுத்த நிறை தயாராகிவிடும், ஆகவே வேகம் அதிகம். உறையின் நிறையும் குறுக்கிடாது. அரிசி ஆலைக்கு இதுவே பொருத்தம். மாவும் தூளும் வாளியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தது முழுவதும் மூடைக்குள் போகாது. அவற்றுக்கு இரண்டாவது முறையே நல்லது. அதில் ஒவ்வொரு மூடைக்கும் முன்னர் வெறும் சாக்கின் நிறையைக் கருவி தானே கழிக்கிறதா என்பதைப் பார்க்கவேண்டும். சாக்குக்குச் சாக்கு நிறை ஒன்றாக இராது.

சாக்கு என்றதும் ஒரு நினைவு. லாச்சப்பலில் நாம் நாள்தோறும் கடக்கும் பிலிப் து ஜிரார் வீதி, சணல்வகை நாரை இயந்திரத்தால் நூற்கும் முறையைக் கண்டவரின் பெயரால் அமைந்தது. 1810இல் நெப்போலியன் அறிவித்த பத்து இலட்சம் பிராங்குப் பரிசுக்காக அவர் அதனைச் செய்தார். பரிசு கிடைக்கவில்லை, கடன்தான் மிஞ்சியது. நாட்டைவிட்டு வெளியேறிப் போலந்தில் ஆலை நடத்தினார். அங்கே ஒரு நகரமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரும் ஒருவகையிற் புலம்பெயர்ந்தவரே.

தூசியும் தோளும்

தூள் நிரப்பும் இடத்தில் இரண்டு ஆபத்துகளை இயந்திர விற்பனையாளர் தாமாகச் சொல்வது அரிது. ஒன்று தூசி. மாத்தூசியும் தானியத் தூசியும் மூடிய இடத்தில் காற்றோடு கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 1997 ஓகஸ்ட் 20ஆம் நாள் போர்தோவை அண்மித்த பிளாய் நகரின் தானியக் களஞ்சியம் இவ்வாறு வெடித்ததிற் பதினொருவர் உயிரிழந்தனர். அது பெருங் களஞ்சியம், நமது நிலவறை சிறிது என்பது உண்மையே. ஆயினும் மிளகாய் அரைக்கும் ஆலை வைப்போர் தூசி உறிஞ்சும் குழாயை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கவேண்டும். மின்கருவிகள் தூசிப் பாதுகாப்புடையவையா என்பதை ‘ஐபி’ என்ற குறியீட்டின் முதல் இலக்கம் காட்டும். 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது இலக்கம் நீருக்குரியது. கழுவவேண்டிய இடத்துக்கு 65க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. உப்புப் பொதியிடுவோர் துருப்பிடியா உருக்கிலேயே, அதிலும் உயர்ந்த வகையிலேயே பணம் போடவேண்டும். உப்பு மற்றவற்றை மிக விரைவில் தின்றுவிடும்.

மற்றது தோள். பிரெஞ்சுத் தொழிற் சட்டக்கோவைப்படி, தொழில் மருத்துவர் தகுதியுடையவரென்று ஏற்றாலன்றி ஓர் ஆண் தொழிலாளி வழமையாக 55 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தூக்கவைக்கப்படலாகாது. பெண்களுக்கு எல்லை 25 கிலோ. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக 50 கிலோ மூடையை நாளுக்கு நூறு தடவை தூக்குவது முதுகுக்கு அனுமதியாகிவிடாது. பிரான்சில் சீமெந்துகூட 25, 35 கிலோ மூடைகளாகவே வருகிறது. பொதியிடும் நிலையத்தை அமைக்கும்போது தராசின் உயரத்தை இடுப்பளவில் வைத்து, நிரம்பிய மூடை உருளைத் தடத்தில் தானே சரிந்து போகும்படி செய்தால், செலவு அதிகமன்று. வந்த புதிதில் தஞ்ச வழக்கு முடியும்வரை மூடை தூக்கிய எத்தனையோ பேர் இன்று நாற்பது வயதிலேயே இடுப்புப் பட்டியோடு நடமாடுகின்றனர்.

ஊருக்கு அனுப்பும் இயந்திரம்

தாயகத்தில் மூடை நிரப்பும் தொழில் புதியதன்று. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போர் அதனை நிறுத்தும்வரை, நாற்பதாண்டுகள் மூடை நிரப்பிய இடம். ஆனையிறவு உப்பளமும் அவ்வாறே. இன்று அங்கே தேவைப்படுவன பெரும்பாலும் அரிசி, மா, தூள் ஆகியவற்றுக்கான சிறு, நடுத்தர இயந்திரங்கள். இங்கே பாவித்த இயந்திரத்தை வாங்கிக் கொள்கலனில் ஏற்றிவிடும் ஆசை பலருக்கு உண்டு.

மின்சாரத்தில் தடையில்லை. இங்கும் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மின்வெட்டுக்கு மட்டும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாற்று மின்கலம் வேண்டும். மூடையைக் கவ்வும் பாகங்கள் அமுக்கிய காற்றில் இயங்குவன என்றால், எமது ஈரக் காற்றில் குழாய்க்குள் நீர் சேரும். காற்றை உலர்த்தும் கருவியையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

பலர் அறியாத விடயம் புவியீர்ப்பு. இலத்திரனியல் தராசு உணர்வது பொருளின் திணிவையன்று, அது கீழே அழுத்தும் விசையை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. பாரிசின் அறிவியற் கழகம் 1672இல் தென்னமெரிக்காவின் கயென் நகருக்கு அனுப்பிய ழான் ரிஷே என்பவர், பாரிசில் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். அதே காரணத்தால், பாரிசில் சரிபார்த்த தராசு யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைத்துக் காட்டும். உண்மையான 50 கிலோ மூடை 49 கிலோ 860 கிராம் என்று தோன்றும். ஆலைக்காரர் எண்ணை 50க்குக் கொண்டுவரச் சுமார் 140 கிராம் கூடுதலாக நிரப்புவார். ஆயிரம் மூடைக்கு 140 கிலோ அரிசி. தட்டுத் தராசுக்கு இந்தக் கோளாறு இல்லை, ஏனெனில் இரு தட்டுகளையும் ஈர்ப்பு ஒரேயளவில் இழுக்கிறது. இலத்திரனியல் தராசை அங்கே போய்ச் சேர்ந்தபின், அந்த மண்ணிலேயே, சான்றுபெற்ற படிக்கற்களை வைத்துத் திருத்தியே ஆகவேண்டும். பிரான்சின் பச்சை ஒட்டி அங்கே செல்லாது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரையே அங்கு வேண்டும். ஆகவே இங்கு வாங்கும்போதே, திருத்தும் முறை பூட்டப்பட்டுள்ளதா, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, கைநூல் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைநூல் பிரெஞ்சில் மட்டும் இருந்தால் அமைப்பு முறைகளைத் தமிழில் எழுதி இயந்திரத்தோடு அனுப்புங்கள். வீட்டில் இங்கே படித்த பிள்ளையொன்று இருந்தால் இரண்டு மாலைப்பொழுதில் முடியும் வேலை.

கடைசியாக, காசு கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று. விற்பவர் காட்டும் பிளாஸ்ரிக் மணிகளையோ சீனியையோ பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் சொந்த மிளகாய்த்தூளில் ஒரு மூடையைக் கொண்டுபோங்கள். உங்கள் உறைகளையும் கொண்டுபோங்கள். ஐம்பது பொதிகளைத் தொடர்ந்து நிரப்பச் சொல்லுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது சிலவும், அடிமட்டத்துக்கு வரும்போது சிலவும் அவற்றில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் பச்சை ஒட்டியுள்ள வேறொரு தராசில் நிறுத்து, உறையின் நிறையைக் கழித்து, வரிசையாக எழுதுங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசி வரியில் குறியுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்பின் விலையைக் கேளுங்கள்.